கைக்காரப் பிள்ளைகள்

பயிற்சி வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்க வேண்டுமாம். பிரித்துப் பாடம் நடத்தினால் உயிரியலில் மார்க் ஏறுமாம். நானும் கோடு போட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தால், 'செய்து கற்பவர்' கட்டத்தில் முக்கால்வாசி சேரிப் பிள்ளைகள். போட்டது யார்? சேரியில் பிறந்த நான்தான். பக்கத்து ஆசிரியர் எட்டிப் பார்த்து, "அதுங்களுக்குக் கை வேலைதான் சார் வரும்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

எனக்கே அது பொருந்துவதுபோல் இருந்ததுதான் காரணம். செத்த மாட்டை நைனா அறுக்கும்போது காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இரைப்பையில் நாலு அறை உண்டென்று பத்து வயதில் என் கைக்குத் தெரியும். சொரசொரப்பானது, தேன்கூடு மாதிரி கட்டம் போட்டது, ஏடு ஏடாய் மடிந்தது, வழவழப்பானது. "ஏட்டுக்குள்ள புல்லு நிக்கும், நல்லா அலசுடா" என்பார். பிறகு வகுப்புத் தேர்வில் அதே நாலு அறை கேள்வியாக வந்தது. ரூமன், ரெட்டிகுலம், ஒமேசம், அபோமேசம். பெயர் தெரியவில்லை, முட்டை வாங்கினேன். என் கற்கும் பாணியா அதற்குக் காரணம்? என்னிடம் புத்தகம் இல்லை. 'தொட்டிருக்கேன் சார்' என்று எழுந்து சொல்ல வாயும் இல்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

2008இல் பாஷ்லர் முதலான நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இந்த ஆய்வுகளைத் துருவிப் பார்த்தார்கள். இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் இரண்டு விதமாகவும் நடத்தி, ஒரே தேர்வு வைத்து, அவரவர் பாணியில் படித்தவரே தேறினார் என்று காட்டவேண்டும். அப்படிச் சோதித்தவை சொற்பம். பாணிக்கேற்ப நடத்தினால் பலன் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள். பிள்ளைக்குப் பிடித்த வழி இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இதயத்தைப் படிக்கப் படமும் வேண்டும், பெயரும் வேண்டும், அறுத்தும் பார்க்க வேண்டும். அதைக் கேட்பது பாடம். மூளைக்கு ஒருத்தன், கைக்கு ஒருத்தன் என்று பிரிப்பது நமக்கென்ன புதுசா?

மறுநாள் கறிக்கடையில் ஆட்டு இரைப்பை ஒன்று வாங்கிப் போனேன். அதற்கும் நாலு அறைதான். நான் கோடு போட்ட பையனைக் கரும்பலகையில் பெயர் எழுதச் சொன்னேன். 'கேட்டுக் கற்பவர்'களைக் கை வைக்கச் சொன்னேன். இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வரிசைக்குப் போனார்கள். பையன் ரெட்டிகுலத்தில் 'ட்' விட்டுவிட்டான், திருத்தினேன்.

படிவத்தைத் தலைமையாசிரியர் இரண்டுமுறை கேட்டுவிட்டார். இன்னும் கொடுக்கவில்லை.