பெட்டியும் பற்றும்

சென்ற பங்குனித் திங்களில் என் தங்கையின் இல்லத்தில் ஒரு சிறு வாதம் எழுந்தது. இயந்திரத் தொழிலில் இருக்கும் அவள் மகன், ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடைபெறும் தொழிற்கண்காட்சிக்குச் செல்ல இருந்தான். அதன்பின் ஸ்டுட்கார்ட் பகுதியில் சில ஆலைகளைப் பார்வையிட்டு, இறுதிப் பத்து நாட்களைச் சுவிட்சர்லாந்திலும் இத்தாலியிலும் கழிப்பதாக ஏற்பாடு. ஐந்து வாரப் பயணத்திற்கு எந்தப் பெட்டி ஏற்றது என்பதே வாதத்தின் பொருள்.

வீட்டில் ஒரு தோல் பெட்டி உண்டு. எங்கள் தந்தையார் பணி ஓய்வு பெற்றபோது அலுவலகத்தார் அன்புடன் அளித்தது. அவர் அதை ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. கொடுத்தவர் மனம் நோகக்கூடாதென்று வாங்கி வைத்தார். "மாமா, இவ்வளவு நல்ல பெட்டி இருக்கும்போது புதிதாக ஒன்று வாங்குவானேன்?" என்றான் மருமகன். தோலைச் சுமந்துகொண்டு தன் மகன் புறப்படுவதைத் தங்கையால் ஏற்க இயலவில்லை.

அவன் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. "அந்த உயிர் போய் முப்பது ஆண்டுகள் ஆயின. நான் கொல்லவில்லை, கொல்விக்கவுமில்லை. கடையில் விற்கும் புதுப் பெட்டியோ பாலிகார்பனேட்டால் ஆனது, பெட்ரோலியத்திலிருந்து வருவது, மண்ணில் மக்காதது. அதற்காக எத்தனை சிற்றுயிர்கள் இனிமேல் துன்புறப் போகின்றன?" என்று கேட்டான். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் நம் ஆன்றோர் தீவினையின் வாயில்களாகக் கூறினர். முதலிரண்டும் இங்கில்லை என்பது உண்மையே. மூன்றாவதைப் பற்றித்தான் நான் சிந்திக்க வேண்டியிருந்தது.

வட ஆர்க்காட்டு மண்ணில் பிறந்த நமக்குத் தோல் என்பது உயிரிழந்த விலங்கோடு முடிவதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்டன. 1996-இல் உச்ச நீதிமன்றம் இதுபற்றித் தீர்ப்பளித்தபோது, மாசு செய்தவரே அதன் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை உறுதிசெய்தது. அத்தோல் ஐரோப்பியக் கடைகளுக்கும் செல்கிறது. ஒரு வணிகன் கண்காட்சியில் அழகிய தோல் பெட்டியுடன் நின்றால், காண்போர் அதனைப் பாராட்டுவர். அப்பாராட்டு மற்றொரு பெட்டிக்கு விதையாகும். உடன்பாடு என்பது வாயால் மட்டும் சொல்வதன்று.

இதனை நான் விளக்கிக்கொண்டிருக்கையில், அவன் என் கைக்கடிகாரத்தின் வாரை நோக்கினான். ஒன்றும் சொல்லவில்லை. அது தோல்வார். பல ஆண்டுகளாக என் மணிக்கட்டில் இருந்தும் என் கண்ணில் படாதது.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் நான் கேட்டேன்: "அந்தப் பெட்டி நிறம் மங்கி, அழகிழந்து இருந்தால் இவ்வளவு வாதிடுவாயா?" அவன் சிரித்துவிட்டான். பொருளன்று, பொருளின் மேல் கொண்ட மயக்கமே பரிக்கிரகம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. அம்மயக்கம் நல்ல நியாயங்களை உடுத்திக்கொண்டு வருவதில் வல்லது.

பின்னர்ப் பேச்சு அளவின்பால் திரும்பியது. விமான நிறுவனங்கள் பலவும் சாதாரண வகுப்பில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ வரை இசைவளிக்கின்றன. கையில் 7 அல்லது 8 கிலோ. அவன் எழுதிய பட்டியல் சரியாக 23 கிலோவுக்கு எழுதப்பட்டிருந்தது! இசைவு இருப்பதனாலேயே தேவை பிறந்துவிடுகிறது. பட்டியலில் பாதிப் பொருள்கள் 'ஒருவேளை வேண்டியிருந்தால்' என்னும் சொல்லின்கீழ் வந்தவை. சாவகனுக்குரிய குணவிரதங்களுள் போகோபபோக பரிமாணம் என்றொன்று உண்டு. துய்ப்பனவற்றிற்குத் தானே முன்கூட்டி எல்லை வகுத்தல் அது. பிறர் வகுத்த எல்லையை முட்டி நிற்பது விரதமாகாது.

முற்காலத்தில் கை ஓர் அளவுகோலாக இருந்தது. தூக்க முடியாததைக் கொண்டு செல்ல முடியாது. வசதியுள்ளோர் அச்சுமையைக் கூலியாளின் தலைமேல் ஏற்றினர் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1970-இல் அமெரிக்கரான பெர்னார்ட் சாடோ பெட்டிக்குச் சக்கரம் பூட்டும் எண்ணம் கொண்டார். 1972-இல் காப்புரிமை பெற்றார். அதனால் பிறர் தலைச்சுமை குறைந்தது, நன்றே. ஆயின் பாரம் நமக்குத் தெரியாமற் போயிற்று. ரயிலின் படிகளிலும், வெனிஸ் நகரத்துப் பாலங்களின் படிகளிலும் சக்கரம் பயன்படாது. அங்கே கை மீண்டும் உண்மையைச் சொல்லும்.

முடிவில் புதியது எதுவும் வாங்கவில்லை. 2018-இல் சிரவணபெளகுள மகாமஸ்தகாபிஷேகத்திற்குச் செல்லும்போது நான் வாங்கிய நைலான் பெட்டி பரண்மேல் கிடந்தது. இரண்டே சக்கரங்கள். கல் பாவிய ஐரோப்பியத் தெருக்களில் நான்கு சிறு சக்கரங்களைவிட இரண்டு பெரியவையே நன்கு உருளும் என்று சென்று வந்தோர் கூறினர். ஒரு சக்கரம் கிரீச்சிட்டது. பழுது பார்ப்பவர் 150 ரூபாயில் மாற்றிக் கொடுத்தார். நான்கு சட்டை, ஒரு கோட்டு, ஒரு கம்பளிக்கு மாற்றாகப் பருத்தி நிரப்பிய மேலாடை என்று அடுக்கியபின் நிறுத்துப் பார்த்தோம், 12 கிலோ.

மறுநாள் காலையில் அது 15 ஆகியிருந்தது. பருப்புப் பொடியும் அவலும் பொரிமாவும் தங்கை இரவோடிரவாக வைத்திருந்தாள். கிழங்கும் பூண்டும் கலவாத உணவு அந்நாட்டில் எளிதில் கிடைக்காது. ஆகவே அது மிகையன்று என்று நான் அவள் பக்கம் நின்றேன். பால்கோவாவை மட்டும் எடுத்துவிட்டோம். பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லையில் அனுமதிப்பதில்லை. தோல் பெட்டி மீண்டும் அலமாரிக்குச் சென்றது. அதில் இப்பொழுது நிலப் பத்திரங்கள் உள்ளன. என் கடிகாரத்திற்குத் துணிவார் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.