ஐந்தில் ஒரு பங்கு

வேலை முடிந்து திரும்பும் வழியில் சக ஊழியர்களோடு கடலோரத்தில் மீன் சாப்பிடுவதை ஒரு தார்மீகப் பிரச்னையாக எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். எனக்கும் வெகுகாலம் அது பிரச்னையாக இருந்ததில்லை. சந்தோஷமாக மட்டுமே இருந்தது. துக்கத்தைத்தான் நாம் விசாரிக்கிறோம். சந்தோஷத்தை விசாரணை இல்லாமல் விட்டுவிடுகிறோம்.

2018 பிப்ரவரியில் இராமநாதபுரத்தில் மூன்று நாள் கணக்குச் சரிபார்ப்பு. நிரந்தர ஊழியர்கள் நாங்கள் நான்கு பேர். கணிப்பொறியில் பதிவு செய்ய ஒரு தற்காலிக இளைஞன். அவனுக்குத் தினக்கூலி. பிறகு வேன் ஓட்டுநர். வெள்ளியன்று வேலை முடிந்தது. சனிக்கிழமை மதுரைக்குத் திரும்புமுன் கடலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் மேலதிகாரி. பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, 1914இல் திறந்த பழைய பாலத்தில் ஒரு ரயில் ஊர்ந்து போவதைப் பார்த்தோம். (2022க்குப் பின் அதில் ரயில் இல்லை.) 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், கூரையற்று நிற்கும் தேவாலயத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு ஓலைக் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம்.

கடைக்கார அம்மாள் தட்டில் மீன்களைக் கொண்டுவந்து காட்டினாள். விளமீன், பாறை, நண்டு, கணவாய். மேலதிகாரி மீன் பார்ப்பதில் கெட்டிக்காரர். கண் மங்கியிருக்கக் கூடாது. செவுள் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை குழி விழாமல் எழும்ப வேண்டும். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஐஸ் படாத மீன் என்று தீர்ப்புச் சொன்னார். நாங்களும் குனிந்து பார்த்தோம். விலை கேட்கவில்லை. அந்த நேரத்தில் விலை கேட்பது அற்பமாகப் பட்டது.

சாப்பாடு பிரமாதமாக இருந்தது. மூன்று நாள் கோப்புகளுக்கு நடுவே இருந்த இறுக்கம் போய்விட்டது. மேலதிகாரி தன் கையால் இளைஞனின் இலையில் ஒரு துண்டு வைத்து, "சாப்பிடு தம்பி, இது மதுரையில கிடைக்காது" என்றார். அவன் ருசித்துச் சாப்பிட்டான். இந்த ஒரு மணி நேரத்தில் அந்தஸ்து என்பதே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். சேர்ந்து சாப்பிடுவதைக் காண்ட் சாதாரணமாக நினைக்கவில்லை. 1798இல் வெளிவந்த மானுடவியல் நூலில், நல்ல விருந்துக்கு ஆட்கள் மூன்றுக்குக் குறையாமலும் ஒன்பதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கிறார். நாங்கள் ஐந்து பேர். அளவு சரிதான். பணத்தை யார் கொடுப்பது என்ற பேச்சு எங்கள் மேஜையில்தான் வந்தது.

பில் 2,750 ரூபாய். கணக்குப் பார்ப்பது என் தொழில் என்பதால் என்னிடம் நீட்டினார்கள். ஐந்தால் வகுத்தேன். ஆளுக்கு 550. இளைஞனும் எடுத்துக் கொடுத்தான். கணக்கில் பிழை இல்லை.

ஓட்டுநர் பக்கத்தில் தனியாகச் சாப்பிட்டிருந்தார். ஆள் கூட்டிவரும் ஓட்டுநரிடம் கடைக்காரர்கள் காசு வாங்குவதில்லை. அது வழக்கம். இரண்டு வாரம் கழித்து அவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தத் தம்பி அன்னிக்கு எங்கிட்ட ஐநூறு வாங்கிச்சு சார். நேத்துத் திருப்பிக் குடுத்திருச்சு."

அவனுடைய ஒரு நாள் கூலி 380 ரூபாய். எங்களுக்குப் பயணப்படி, தினப்படி உண்டு. அவனுக்கு இல்லை. எனக்குத் தெரியாத விஷயமல்ல. அவனுடைய கூலிப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவன் நான். மீனின் கண்ணை அவ்வளவு நேரம் பார்த்த நாங்கள், பணம் எடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

யோசித்தால் ஒரு விபரீதம் தெரிகிறது. எங்களுக்குச் சமமாக ஒருபோதும் கருதப்படாத ஓட்டுநர் பைசா செலவில்லாமல் சாப்பிட்டார். சமமாக உட்காரவைக்கப்பட்டவன் கடனாளியானான். ஏற்றத்தாழ்வு ஒருவருக்குச் சோறு போட்டது. சமத்துவம் இன்னொருவனிடம் வசூல் செய்தது. அப்படியானால் ஏற்றத்தாழ்வே மேல் என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஓட்டுநர் தனியாகச் சாப்பிட்டார் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். அவருக்குக் கிடைத்தது சலுகை. அதன் விலை, எங்கள் மேஜையில் அவருக்கு இடமில்லை என்பது.

எண்ணில் சமமாக இருப்பது வேறு, விகிதத்தில் சமமாக இருப்பது வேறு என்று அரிஸ்டாட்டில் பிரிக்கிறார். அந்தக் கடற்கரைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரைவலையில் வந்ததை விற்ற பணம் தலைக்கு இவ்வளவு என்று பிரிவதில்லை. வலைக்கும் படகுக்கும் இழுத்த கைகளுக்கும் தனித்தனிப் பங்கு. அதிலும் அநியாயம் உண்டு, உடைமை உள்ளவன் பங்கு பெரிது. ஆனால் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்ற கேள்வியாவது அங்கே இருக்கிறது. எங்கள் மேஜையில் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. கேட்டால் சந்தோஷம் கெட்டுவிடும் என்பதுதான் காரணம். கூட்டான சந்தோஷத்துக்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டியிருக்கிறது. ஒருவன் "எனக்கு வேண்டாம், சாம்பார் சாதம் போதும்" என்றால் மற்றவர்களுக்கும் ருசி குறைந்துபோகும். அதை அவன் அறிவான். ஆகவே அவன் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மறுநாள் தனியாகக் கூப்பிட்டு 550 ரூபாயை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை. "எதுக்கு சார்? நல்லாத்தானே இருந்துச்சு. நானும்தானே சாப்பிட்டேன்" என்றான். அவனுக்குக் கோபமில்லை. கொஞ்சம் சங்கடப்பட்டான், அதுவும் எனக்காகத்தான் என்று தோன்றியது.

அந்தப் பதிலை இன்னும் என்னால் தாண்ட முடியவில்லை. அவன் கடன் வாங்கியது மீனுக்காக மட்டுமில்லை; எங்களில் ஒருவனாக அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதற்காகவும்தான். நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால், அன்றைய சாப்பாட்டில் அவன் இடம் பின்தேதியிட்டு மாறியிருக்கும். ஐந்தாவது ஆள் எங்கள் தயவில் சாப்பிட்டவனாகியிருப்பான். என் பச்சாதாபம் எனக்கு நிம்மதி தேடியது. அதற்கு அவனுடைய ஒரு நல்ல பகலைக் கேட்டது.

செய்திருக்கக்கூடியது ஒன்று உண்டு, ஆனால் மீனைத் தேர்ந்தெடுக்கும் முன் செய்திருக்க வேண்டும். "இன்றைக்கு நாங்கள் நால்வர், உன் முறை வேலை நிரந்தரமானதும்" என்று அவன் எதிரில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். முறை என்பதில் தயவு இல்லை. அடுத்த முறை வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அவன் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லும் அதிகாரம் எங்கள் நால்வரில் ஒருவருக்கும் இல்லை. அதைச் சொல்லாமலிருக்கத்தான் ஐந்தால் வகுத்தோமோ என்னவோ.