மறைவிடத்துத் துருவும் செப்பஞ் செய்வார் கடனும்

ஒரு பொருளில் கண்ணுக்குத் தோன்றும் பகுதி வேறு. அப்பொருளைத் தாங்கி நிற்கும் பகுதி வேறு. மாளிகைக்குச் சுதையும் வண்ணமும் தோற்றம், அடித்தளமே தாங்குவது. இவ்விரண்டனுள் முன்னையது பழுதுற்றால் உலகம் உடனே அறியும்; பின்னையது பழுதுற்றால் அது வீழுங்காறும் அறியாது. ஆகலின், தாங்கும் பகுதியைச் செப்பஞ் செய்வானது வாய்மை, காண்பார் ஒருவரும் இல்லாத இடத்தே சோதிக்கப்படுகின்றது. இவ்வுண்மையை விளக்குதற்குப் பழைய மோட்டார் வண்டிகளின் துருவேறிய இரும்பைச் செப்பனிடுந் தொழில் ஏற்றதோர் எடுத்துக்காட்டாம். அத்தொழிலில் எழும் வினாக்கள் இரண்டு. உள்ளே துருவால் அரிக்கப்பட்ட தகட்டினை மேலே மூடி அழகு செய்துவிடுதல், ஒருவரும் வினவாதவழிக் குற்றமாமோ என்பது ஒன்று. அதனை அறுத்தெறிந்து புதிய இரும்பு வைத்தல், பேணக் கருதிய பழம்பொருளையே அழித்தலாகாதோ என்பது மற்றொன்று. இவ்விரண்டும் முறையே ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் துருவின் இயல்பு அறியற்பாலது. இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடியவழித் துரு தோன்றும். உப்புக் கலந்த நீராயின் அது விரைந்து பெருகும். சைவ நூலார் உயிரைப் பற்றிய மலத்துக்குச் செம்பிற் களிம்பினை உவமை கூறுதலும், அக்களிம்பு செம்பொடு உடனாயுள்ளது, இடையே வந்தேறியதன்று என்று விளக்குதலும் யாவரும் அறிந்தனவே. இரும்பின் துருவோ அவ்வாறன்று, அது வந்தேறியே. அன்றியும், செம்பின் மேற்படியும் பசுமை செம்பொடு ஒட்டி நின்று கீழுள்ளதனை ஒருவாறு காக்கும். துருவோ தான் தோன்றிய இரும்பினும் மிக்க இடத்தை அடைத்துப் பருத்து, ஏடேடாகப் பெயர்ந்து, நீர் மேன்மேலும் உட்புக வழி திறந்துவிடும். ஆகலின், முதுமையின் இயல்பே இது என்று சொல்லித் துருவை வாளா விட்டுவிடுதல் பொருந்தாது. களையத்தக்க காலத்திற் களையாவிடின், அது தன் பற்றுக்கோட்டினையே உண்டொழிக்கும்.

இனி, அத்துரு வண்டியில் எங்ஙனம் தங்குகின்றது என்பது காண்க. முற்காலத்து வண்டிகள் பலவற்றிற்குத் தடித்த இரும்புச் சட்டம் ஒன்று கீழே தனியாக இருந்தது. கூடு அதன்மேல் ஏற்றப்பட்டது. பின்னர்க் கூடே சட்டமாக அமையும் முறை பெருகிற்று. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுக்க, 1948-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் முதற்கண் காட்சிக்கு வைக்கப்பட்ட மாரிஸ் மைனர் என்னும் வண்டி அம்முறையினது. 1970-களின் தொடக்கம் வரை அவ்வகை வண்டிகள் 16 இலட்சத்துக்கு மேற்படச் செய்யப்பட்டன. இன்றும் பலர் அவற்றைப் பேணி ஓட்டுகின்றனர். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தகடுகளை மடித்துப் பெட்டிபோல் இணைத்தலானே அக்கூடு வலிமை பெறுகின்றது. கதவின் கீழ் வாயிற்படிபோல் நீண்டு கிடக்கும் ‘சில்’ என்னும் பகுதி அத்தகையதொரு பெட்டியே. முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் தரைத்தகட்டின் அடியிலுள்ள குறுக்குச் சட்டத்திலும், பின்னச்சினைத் தாங்கும் வில்பட்டைகள் கூட்டின் பின்னடியிலும் பிணிக்கப்பட்டுள்ளன.

பிரிட்டனில் குளிர்காலத்தே பனி உருகும்பொருட்டுச் சாலைகளில் உப்புத் தூவுவர். சக்கரம் வீசும் சேறும் உப்புநீரும் மேற்கூறிய பெட்டிகளினுள்ளே புகும். நீர் வடிதற்கென இட்ட சிறு துளைகள் சேற்றால் அடைபடின், புகுந்த நீர் வெளியேறாது தேங்கும். ஆகலின் துரு உள்ளே தொடங்கி வெளிநோக்கி வருகின்றது. மேற்பூச்சில் ஒரு சிறு கொப்புளம் தோன்றுங்கால், உள்ளே இரும்பிற் பெரும்பகுதி முன்னரே அழிந்திருத்தலும் உண்டு. கதவு முன்போற் பொருந்தாது தொங்குதலே சிலபோது முதல் அறிகுறியாம்.

இந்நிலையிற் செப்பஞ் செய்வான் முன் இருவழிகள் உள. துருவைச் சிறிது சுரண்டி, ஓட்டையைக் கண்ணாடி நாராலும் பட்டியாலும் அடைத்து, தேய்த்து மழமழப்பாக்கி, வண்ணம் பூசி விடுதல் ஒன்று. இது சின்னாளில் முடியும், செலவும் சிறிது, கண்டார் புகழ்வர். மற்றையது, துருவேறிய தகட்டினை நல்லிரும்பு வெளிப்படுங்காறும் அறுத்து நீக்கி, அதே தடிப்புள்ள எஃகினை அளவாக வெட்டி மடித்துப் பொருத்தி, விளிம்பெல்லாம் இடைவிடாது பற்றவைத்தல். இது நெடுநாட் செல்லும். முடிந்தபின் முன்னையதனினும் அழகாகத் தோன்றுவதும் இல்லை. தோற்றத்தளவில் இரண்டும் ஒன்றே. வேற்றுமை யாண்டு வெளிப்படும் எனின், வண்டி பிறிதொன்றனோடு மோதிய பொழுதும், வில்பட்டையின் பிணிப்பு ஓடும்போதே பெயர்ந்த பொழுதும் வெளிப்படும்.

அற்றேல், விற்பான் யாதும் உரைத்திலன். வாங்குவான் யாதும் வினவிற்றிலன். சொல்லே இல்லாதவழிப் பொய் எங்ஙனம் உண்டாம் எனின், அது பொருந்தாது. சொல் வாயினால் மட்டும் நிகழ்வதன்று. வண்ணம் பூசிய சில் ‘ஈண்டு இரும்பு உளது’ என்று காண்பார்க்கு உரைக்கின்றது. உள்ளே இருப்பதோ பட்டி. வாய் பொய்யாதிருக்கக் கை பொய்த்தது. மேலும், விலை பேசினார் இருவரேயாயினும், அவ்வண்டியில் உயிரை ஒப்படைப்பார் பலர். பின்னிருக்கையில் அமரும் குழந்தை அப்பேச்சில் இருந்ததில்லை. எதிரே நடந்து செல்வானும் அதனை அறியான். ஆகலின் இருவர் உடன்பாட்டால் இக்குற்றம் நீங்காது. அன்றியும், மேலே மூடப்பட்ட துரு நின்றுவிடுவதில்லை. ஈரத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டு, முன்னினும் மறைவாக வளரும். தன் வண்டிக்கே அங்ஙனம் செய்தான் ஒருவன், இரண்டு குளிர்காலம் கழிந்தபின் தான் செய்த பூச்சினைத் தானே மெய்யென நம்பி, மனைவி மக்களை அதில் ஏற்றிச் செல்லுதலும் உண்டு. பிறரை ஏய்க்கக் கற்ற கை இறுதியில் தன்னையே ஏய்க்கின்றது.

இனி, பொருளில்லாதான் என் செய்வான்? முறைப்படி செப்பனிடுஞ் செலவு வண்டியின் விலையினும் மிகுதியாதல் பலகாலும் நிகழ்வதே. அவனையும் குற்றங் கூறுதல் அறமோ எனின், அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. வறியான் செப்பஞ் செய்தே தீர்தல் வேண்டும் என்னும் விதி யாண்டும் இல்லை. அவன் வண்டியை ஓட்டாது ஈரமில்லாத கொட்டகையில் நிறுத்தி வைக்கலாம். உள்ளவாறு உரைத்து, குறைந்த விலைக்கு விற்கலாம். சிறிது சிறிதாகப் பல்லாண்டு செப்பனிடலாம். செய்யாமை குற்றமன்று; செய்ததாகக் காட்டலே குற்றம். வறுமை முன்னதற்குக் காரணமாம். பின்னதற்கு ஒருபோதும் ஆகாது.

அரசினது சட்டம் இதனை ஒருவாறு உணர்ந்தே வகுக்கப்பட்டது. பிரிட்டனில் 1960-ஆம் ஆண்டு, 10 ஆண்டு கடந்த வண்டிகளை ஆண்டுதோறும் சோதிக்கும் எம்.ஓ.டி. என்னும் முறை புகுத்தப்பட்டது. பின்னர் அவ்வெல்லை 3 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. சக்கரத் தாங்கிகளும் இருக்கை வார்களும் பிணிக்கப்பட்ட இடங்களைச் சூழ 30 சென்டிமீட்டருக்குள் இரும்பு அரிபட்டு வலிமை இழந்திருப்பின் அவ்வண்டி தேறாது. அவ்விடத்தே பட்டியும் கண்ணாடி நாரும் செப்பமாகக் கொள்ளப்படா. ஆயினும் 2018-ஆம் ஆண்டு மே மாதம் முதல், 40 ஆண்டு கடந்து, பெருமாறுதல் செய்யப்படாத வண்டிகட்கு அச்சோதனை கட்டாயமன்று என விலக்களிக்கப்பட்டது. அத்தகைய வண்டிகளை உடையார் அவற்றை நன்கு பேணுவர் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணங்களுள் ஒன்று. வண்டி சாலைக்குத் தகுதியாக இருத்தல் வேண்டும் என்னும் கடப்பாடு நீங்கிற்றில்லை. தட்டிப் பார்ப்பானது சிறு சுத்தியலே நீங்கிற்று. எனவே, புறத்தே நின்ற காவல் அகன்றவிடத்து அகத்தே நிற்கும் காவல் இரட்டித்தல் வேண்டும். சோதிப்பான் வருவான் என்று அஞ்சி நேர்மை பூண்டான் யார், நேர்மையை விரும்பியே பூண்டான் யார் என்பது இப்பொழுதே விளங்கும்.

இனி இரண்டாம் வினா. துருவேறிய பகுதியை அறுத்துப் புதியது வைத்துக்கொண்டே போயின், எஞ்சுவது பழைய வண்டியோ புதியதோ? இதற்கு நீதிமன்றமே விடை கூற நேர்ந்ததுண்டு. ‘ஓல்டு நம்பர் ஒன்’ எனப் பெயர் பெற்ற பென்ட்லி வண்டி, பிரான்சிலுள்ள லெ மான் நகரின் 24 மணி நேர ஓட்டத்தில் 1929-இலும் 1930-இலும் வென்றது. பின்னர் வேறு ஓட்டங்களுக்கெனப் பலகாலும் மாற்றப்பட்டது. 1932-இல் புரூக்லாண்ட்ஸ் களத்தில் விபத்துற்று, ஓட்டியவர் உயிர் துறந்தார். அதன்பின் வேறு கூடு பூண்டது. 1929-இல் இருந்த உறுப்புக்களுள் மிகச் சிலவே எஞ்சின. அதனை வாங்க இசைந்தோர், இஃது அவ்வண்டியன்று என மறுத்தனர். 1990-ஆம் ஆண்டு இலண்டன் உயர்நீதிமன்றம், முதலில் இருந்தவாறே இருப்பது என்னும் பொருளில் அது பழையதன்று எனினும், மாற்றங்கள் படிப்படியாய், தொடர்ச்சி அறாது நிகழ்ந்தமையின், அப்பெயர்க்கு உரியது அதுவே எனத் தீர்ப்பளித்தது. உறுப்பு மாறினும் தொடர்ச்சி மாறாதவழிப் பொருள் மாறிற்றில்லை என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின், இதனைக் காட்டி வேண்டிய மட்டும் அறுத்தெறியலாம் என்று கொள்ளற்க. 1964-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் தொன்மைக் கட்டடங்களைப் பேணுதற்கென வகுத்த சாசனம், சான்று நின்று ஊகம் தொடங்கும் இடத்தே புதுப்பிப்பு நிற்றல் வேண்டும் என்றும், செய்த வேலையெல்லாம் பதிவு செய்யப்படல் வேண்டும் என்றும் கூறுகின்றது. அவ்வெல்லை வண்டிக்கும் ஒக்கும். நல்லிரும்பு தொடங்கும் இடத்தே அறுப்புவாள் நிற்றல் வேண்டும். அதற்கு இப்பால் நின்றால் துரு எஞ்சும். அப்பால் சென்றால் குற்றமற்ற பழமை வீணே அழியும். முன்னது சோம்பலின் பிழை. பின்னது செருக்கின் பிழை. அறுத்த இடம், வைத்த தகடு, செய்த நாள் ஆகியவற்றைப் படமும் எழுத்துமாகப் பதிந்து வண்டியோடு கொடுத்தல், மறைவிடத்தை அடுத்து வருவானுக்குத் திறந்து காட்டுதலாம்.

இத்தொழிலின் முறையிலேயே மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. சில்லினை அறுப்பதற்கு முன்னர், கதவு வாயிலின் குறுக்கே உறுதியான இரும்புக் கழிகளை இணைத்து, வண்டியைச் சமநிலத்தில் தாங்கி நிறுத்தி, கதவின் இடைவெளிகளை அளந்து குறித்துக் கொள்வர். ஒருபுறம் முடிந்த பின்னரே மறுபுறம் தொடுவர். அங்ஙனம் செய்யாது அறுத்தால் கூடு தொய்ந்து கோணும். பின் எத்துணை நன்றாகப் பற்றவைத்தாலும் அக்கோணலே நிலைபெறும். பற்றவைக்குங்காலும் ஒரே மூச்சில் ஓட்டாது, ஈங்கும் ஆங்குமாகச் சிறிது சிறிதாக வைத்துச் செல்வர். வெப்பம் ஓரிடத்து மிகின் தகடு நெளியும். குற்றத்தை நீக்குவான், நீக்கும் பொழுது எஞ்சியது வீழாவண்ணம் தாங்கவும் கடமைப்பட்டவன். வாளா அறுத்தல் திருத்தமன்று.

செப்பம் முடிந்தபின் பெட்டியினுள்ளே மெழுகு தெளித்து, நீர் வடியும் துளைகளைத் திறந்து வைப்பர். ஆண்டுதோறும் அவற்றைத் துலக்குவர். நீர் புகாமலே காத்தல் அரிது. புகுந்தது தேங்காமற் காத்தல் எளிது.

இதுகாறுங் கூறியவாற்றால், தாங்கும் இரும்பின் துருவை மூடுதல், ஒருவரும் வினவாதவழியும் பொய்யே என்பதூஉம், அளவறிந்து அறுத்துப் புதுக்குதல் பழமையை அழித்தலன்று, அதனை வாழ்வித்தலே என்பதூஉம் பெறப்பட்டன. மறைவிடத்திற் பற்றவைத்த விளிம்பினை வண்டியில் ஏறுவார் ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. அவர் பாராது ஏறுகின்றமையே செப்பஞ் செய்தான் அவர்க்குத் தீர்க்க வேண்டிய கடன் என்க.