பன் பையும் புள்ளிப் பதிவேடும்

ஒருவர் தன் கையால் செய்து தரும் பொருளை வாங்க மறுப்பது நேர்மையா, அவமதிப்பா? தோப்பூரில் ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு இக்கேள்வி நூல்களிலிருந்து வரவில்லை. ஒரு பன் பையாக என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, மூன்றாம் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஐந்தாம் தரத்தில் என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் உம்மம்மா வந்தார். கையில் சிவப்பும் பச்சையுமாய்ச் சாயமிட்டு இழைத்த பை. "சேர் புத்தகம் கொண்டு போக எண்டு இழைச்சன்" என்று நீட்டினார். வகுப்பின் முதற்பரிசு அவருடைய பேரனுக்கா, கடைக்காரர் ஒருவரின் மகனுக்கா என்பது, நான் இன்னும் திருத்தாத கட்டுரைத் தாள்களில் இருந்தது.

"என்ன விலை?" என்று கேட்டேன். இன்றும் நான் வெட்கப்படும் கேள்வி அது.

"விக்கிறதெண்டா சந்தைக்குக் கொண்டு போயிருப்பன் சேர்" என்றார். விலை தராமல் எடுக்க முடியாது என்றேன். பையை மடித்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

அப்பையின் பெறுமதி எனக்குத் தெரியாததல்ல. 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் நாங்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தபோது, உம்மா குடும்பத்தின் அடையாள அட்டைகளையும் என் சான்றிதழ்களையும் ஒரு பன் பைக்குள்தான் போட்டு எடுத்து வந்தார். குளத்தோரச் சதுப்பில் இறங்கிப் பன் வெட்டி, வெயிலில் உலர்த்தி, சாயத்தில் அவித்து, மீண்டும் உலர்த்தி, குனிந்திருந்து இழைக்கும் நாட்களை எந்த விலையில் அடக்குவது?

மறுத்ததற்கு என்னிடம் நியாயம் இருந்தது. ஸகாத் வசூலிக்கச் சென்றுவந்த ஒருவர், தனக்கு அன்பளிப்பாகக் கிடைத்ததென்று ஒரு பகுதியை ஒதுக்கிக்கொண்டபோது, அவர் தன் பெற்றோர் வீட்டில் இருந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபிகளார் கேட்டார்கள். அன்பளிப்பை ஏற்று, பதிலுக்கும் கொடுத்த அதே நபிகளார்தான் இப்படிக் கேட்டார்கள். பை என்னைத் தேடி வந்ததா, என் சிவப்புப் பேனையைத் தேடி வந்ததா? அந்தத் தாயின் உள்ளத்தை அளக்க என்னிடம் அளவுகோல் இல்லை. என் பேனையைக் காப்பது மட்டுமே என் பொறுப்பு என்று அமைதி கொண்டேன்.

அந்த அமைதி நீடிக்கவில்லை. அதே வருடம் ஒக்டோபர் 6ஆம் திகதி, ஆசிரியர் தினத்தன்று, கடைக்காரர் வீட்டிலிருந்து வந்த சேட்டுத் துணியைச் சிரித்த முகத்தோடு வாங்கி அலுமாரியில் வைத்தவனும் நான்தான். அது கடையில் வாங்கிய பொருள். கொடுத்தவரின் நாட்கள் அதில் இல்லை. ஆகவே கனக்கவில்லை. கனத்த பொருளை மறுத்துவிட்டு, கனக்காததை ஏற்றுக்கொள்வதை நேர்மை எனலாமா?

முதற்பரிசு கடைக்காரர் மகனுக்கே போனது. இரண்டு புள்ளி வித்தியாசம். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், கணக்குச் சரி. ஆனால் துணி என் வீட்டில் இருந்தது, பை இருக்கவில்லை. என் கூட்டலை அவர் ஏன் நம்ப வேண்டும்?

குளிர் நாடுகளில் கம்பளி நூலால் பையைப் பெரிதாகப் பின்னி, பிறகு சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் போட்டுத் தேய்ப்பார்கள். இழைகள் ஒன்றையொன்று பற்றிச் சுருங்கி இறுகும். அங்கே செய்தபின் சுருங்குவது நன்மை. பன்னுக்கு அது ஆகாது. ஈரத்தோடு இழைத்தால் பின்பு காய்ந்து சுருங்கி இடைவெளி விழும். அன்பளிப்பும் பன்னைப் போலத்தான் என்று நினைக்கிறேன். தீர்ப்பு ஒன்று கையில் ஈரமாக இருக்கும்போது கொடுப்பதும் வாங்குவதும் பின்னர் பிளவாகத் தெரியும். பொருளின் எளிமையோ கொடுப்பவரின் ஏழ்மையோ அங்கு அளவல்ல. இப்போது புள்ளிப் பதிவேட்டை ஒப்படைக்கும்வரை துணியும் வாங்குவதில்லை, பையும் வாங்குவதில்லை. ஒப்படைத்த பிறகு, கையால் செய்ததை மறுப்பதில்லை, விலை கேட்பதுமில்லை.

பேரன் வேறு பாடசாலைக்குப் போன பின், நானே அந்த வீட்டுக்குச் சென்று பையைக் கேட்டேன். அது ஆணியில் தொங்கியது, உள்ளே பேரனின் புத்தகங்கள்.

"இது அவன்ட. உங்களுக்கு வேற இழைக்கணும். பன் காயட்டும் சேர்" என்றார்.

காய்ந்தது. அந்தப் பையில்தான் இன்றும் விடைத்தாள்களைக் கொண்டு போகிறேன்.