நூலுக்குச் சலுகை முறையா?

சென்னையில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய புத்தகக் காட்சி, தைத் திங்களையொட்டி ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. அது முடிந்த சில நாள்களில், கிர்க்கியிலும் இராஸ்தா பேட்டையிலும் வாழும் நம் இல்லங்களுக்கு ஊரிலிருந்து வரும் உறவினர் பெட்டியில், முறுக்கோடும் வடகத்தோடும் இரண்டொரு புதிய நூல்களும் வந்து சேர்கின்றன. பெரியவர்க்கு ஒரு நாவல்; பிள்ளைகட்கு ஒரு கதைப்புத்தகம். இவ்விரண்டையும் நாம் ஒரே அளவுகோலால் மதிப்பிடுகிறோமா?

இல்லை என்பதே உண்மை. நாவலில் நடை தளர்ந்தால் குறை கூறுகிறோம். சிறுவர் நூலில் அதே தளர்ச்சியைக் கண்டால், "சிறுவர்க்குத்தானே!" என்கிறோம், "தமிழில் இருக்கிறதே, அதுவே பெரிது!" என்றும் தேறுதல் கொள்கிறோம். அன்பினால் தரும் இச்சலுகை அறமாகுமா என்பதே நம் வினா.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர், நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தும் அழகுகள் பத்தும் வகுத்துரைத்தார். குறைபடச் சொல்லுதல், மிகைபடச் சொல்லுதல், சொன்னதையே சொல்லுதல் ஆகியன குற்றங்கள். சுருக்கமும் தெளிவும் அழகுகள். கதையே உணர்த்திவிட்ட நீதியை இறுதியில் மீண்டும் எடுத்தோதும் சிறுவர் நூல், சொன்னதையே சொல்லும் குற்றத்திற்கு ஆளாகிறது அன்றோ?

புணேயில் வளரும் நம் பிள்ளைகளின் கைக்கு மராத்தி நூல்களும் எட்டுகின்றன. சானே குருஜி நாசிக் சிறையிலிருந்தபோது எழுதி, 1935இல் வெளிவந்த 'சியாம்ச்சி ஆயி'யைப் பேரனும் படிக்கிறான். பாட்டியும் படித்துக் கண்ணீர் உகுக்கிறாள். 'கிஷோர்' என்னும் சிறுவர் திங்களிதழை 1971 முதல் இந்நகரிலிருந்தே பாலபாரதி வெளியிட்டு வருகிறது. இவற்றைச் சுவைத்த பிள்ளையின் கையில், பிழை மலிந்த அச்சும் உயிரற்ற உரையாடலும் கொண்ட தமிழ் நூலொன்றை நாம் வைத்தால் என்ன நேரும்? "இந்நூல் நன்றாக இல்லை" என்று அப்பிள்ளை எண்ணாது. "தமிழே இப்படித்தான்" என்று எண்ணிவிடும். ஆண்டுக்கு ஒரு தமிழ் நூலே காணும் பிள்ளைக்கு அந்த ஒன்றே தமிழ் இலக்கியம் முழுவதும்.

கண்டிப்புக் காட்டினால் எழுதுவோர் ஊக்கம் குன்றுவர் என்பர் சிலர். அவ்வச்சம் நியாயமானதே. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் வங்கிப் பணியாற்றிக்கொண்டேதான் பிள்ளைகட்காகப் பாடினார். இத்துறை எழுதுவோர்க்குச் சோறிடுவது அரிது. ஆயின், அவர்க்கு நாம் செய்யத்தக்க உதவி விலை கொடுத்து வாங்குவதேயன்றிப் பொய்ப்புகழ் வழங்குவதன்று. வாங்குவதில் தாராளமும் மதிப்பிடுவதில் நேர்மையும் ஒருங்கே இருக்கலாம்.

எனவே, பெட்டியிலிருந்து வரும் நூலை முதலில் நாமே முழுதும் படிப்போம். பின்னர்ப் பிள்ளையை அருகிருத்தி வாய்விட்டுப் படிப்போம். "அப்புறம்?" என்று அது கேட்ட இடங்களையும், எழுந்து ஓடிய இடங்களையும் குறித்துக்கொள்வோம். சங்கத்தில் கூடும்போது நிறையையும் குறையையும் மறைக்காமல் எடுத்துரைப்போம். அடுத்த ஆண்டு உறவினர்க்கு நாம் எழுதும் கடிதத்தில், "ஏதேனும் ஒரு தமிழ்ப் புத்தகம்" என்றிராமல், விரும்பும் நூலின் பெயர் இருக்கட்டும்.