தெருவைக் கேட்டார்களா?

திருநீர்மலையில் பெருமாள் நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என நான்கு கோலங்களில் சேவை சாதிக்கிறார். மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்தால் கேபிள் வயருக்கு ஒரே கோலம்தான். தொங்கும் கோலம். கரண்ட் கம்பத்திலிருந்து மொட்டை மாடி, மாடியிலிருந்து முருங்கை மரம், அங்கிருந்து எதிர்வீட்டு ஜன்னல்.

இந்த வயர் போகிற ஆகாயம் யாருடையது?

மொட்டை மாடி வீட்டுக்காரருடையது, சரி. நடுவில் இருக்கிற தெரு? அதைப் பெருக்குவது, விளக்குப் போடுவது, தண்ணி தேங்கினால் திட்டு வாங்குவது எல்லாம் பேரூராட்சியாக இருந்தது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு திட்டு அங்கே போகிறது. ஆனால் அந்தத் தெருவின் தலைக்கு மேலே வயர் இழுத்து மாசாமாசம் காசு வசூலிக்க, ஊரைக் கேட்டாக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1995 கேபிள் டி.வி. சட்டத்தின் கீழ் ஆபரேட்டர் பதிவு செய்தது தலைமைத் தபால் நிலையத்தில். வருஷா வருஷம் புதுப்பித்ததும் அங்கேதான். 2025 ஜனவரியில் விதியைத் திருத்தி, எல்லாம் டெல்லி அமைச்சகத்தின் இணையதளத்தில், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்றார்கள். தபால் ஆபீஸாவது பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், 1993ல்தான் நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் அரசியல் சட்ட அந்தஸ்து தந்த 74வது திருத்தம் அமலுக்கு வந்தது. சன் டி.வி. வந்ததும் அதே வருஷம். இரண்டும் ஒரே தெருவுக்குள் வந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை!

அமெரிக்காவில் வேறு மாதிரி. வயர் இழுக்க ஊர் சபையிடம் உரிமம் வாங்க வேண்டும். காலம் முடிந்தால் கம்பெனி மறுபடி வந்து எதிரே உட்கார வேண்டும். கேபிள் வருமானத்தில் 5 சதவீதம் வரை ஊர் கேட்கலாம், பள்ளிக்கூட விழாவும் கவுன்சில் கூட்டமும் காட்ட ஊருக்கென்று சேனலும் கேட்கலாம் என்றது 1984 சட்டம். பிற்பாடு பல மாநில அரசுகள் அந்த அதிகாரத்தை ஊர்களிடமிருந்து பிடுங்கித் தாங்களே வைத்துக்கொண்டன. மாநில அரசு என்றால் எல்லா ஊரிலும் ஒரே குணம்தான் போலிருக்கிறது.

உடனே அமெரிக்காவுக்கு மாலை போட்டுவிட வேண்டாம். பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் என்று ஓர் ஊர். அங்கே உரிமத்தைத் தக்கவைத்துக்கொள்ள மேயருக்கும் இரண்டு கவுன்சிலர்களுக்கும் 15,000 டாலர் கொடுத்ததாக, டெலிப்ராம்ப்டர் கம்பெனித் தலைவர் இர்விங் கானுக்கு 1971ல் தண்டனை விழுந்தது. 'நான் லஞ்சம் கொடுக்கவில்லை, என்னை மிரட்டிப் பிடுங்கினார்கள்' என்பது அவர் வாதம். ஜூரி ஏற்கவில்லை.

"பாத்தீங்களா சார், நம்ம ஊர்ல பஞ்சாயத்து கையில குடுத்திருந்தா கவுன்சிலர் மச்சான்தான் கேபிள் ஓனர்" என்பீர்கள். இருக்கலாம். ஆனால் திருட்டுப் போகும் என்பதற்காக வீட்டில் பெட்டியே வைத்துக்கொள்ளாத மனுஷன் உண்டா? ஜான்ஸ்டவுனில் லஞ்சம் கொடுத்தார்கள் என்றால், அந்த ஊரிடம் வாங்குவதற்கு ஏதோ இருந்தது என்று அர்த்தம். நம் பேரூராட்சியிடம் அதுவும் இல்லை.

நமக்கு மலிவு விலை கிடைத்தது. 2007ல் அரசு கேபிள் கம்பெனி தொடங்கினார்கள். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அதற்கு உயிர் கொடுத்து மாசம் 70 ரூபாய் என்றார். வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அது சின்ன விஷயமில்லை. கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆனால் மலிவாகக் கிடைப்பதும் உரிமையோடு கேட்டு வாங்குவதும் ஒன்றா? தந்த பொருளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறோம். பேரம் பேசி வாங்கினால் நாளைக்கு ரிப்பேர் என்று சண்டை போடலாம். 2019ல் டிராய் புது முறை கொண்டுவந்து 100 சேனலுக்கு 130 ரூபாய், வரி தனி என்றபோது எழுபது ரூபாய் போயே போச்சு. நாமும் பேசாமல் கட்டினோம். நம்மைக் கேட்டா கொடுத்தார்கள், நம்மைக் கேட்டு எடுக்க?

மழையில் கம்பத்தில் ஏறி நிற்கிற ஆபரேட்டர் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. ஊரோடு அவருக்கு ஓர் ஒப்பந்தம் இருந்திருந்தால் அவருக்கும் பாதுகாப்புத்தான்.

கதவு முழுசாக மூடவில்லை. 2011ல் கேபிள் சட்டத்தைத் திருத்தியபோது, பொது இடத்தில் வயர் இழுக்க அனுமதி கேட்டால் அந்த இடத்துக்குப் பொறுப்பான அமைப்பு நியாயமான நிபந்தனைகள் போடலாம் என்று சேர்த்தார்கள். சதவீதம், சேனல் எல்லாம் அப்புறம். இப்போது பாதிப் பேர் டிஷ்ஷுக்கும் செல்போனுக்கும் மாறியாச்சு. அதே கம்பத்தில் இன்டர்நெட் ஃபைபரும் ஏறிவிட்டது. பழைய கறுப்பு வயர் மட்டும் அறுந்து, சுருண்டு, சைக்கிளில் போகிற பையனின் கழுத்து உயரத்தில் தொங்குகிறது. "உன் செத்த வயரை நீயே அவிழ்த்துக்கொண்டு போ" என்று முதல் நிபந்தனை போடலாம். அதற்கு முதலில் அது யாருடைய வயர் என்று எழுதி வைத்த ஒரு காகிதம் மாநகராட்சியிடம் இருக்க வேண்டும்.