நாற்பத்தொன்பதாவது நாள்

சின்ன வயதில் எங்கள் வீட்டில் தீபாவளியைவிடப் பெரிய நாள் கார்த்திகை ஒன்று. அன்றைக்குத்தான் அப்பா சபரிமலைக்கு மாலை போடுவார்.

அப்பா குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டினார். ராத்திரி ஏழு மணிக்குப் பட்டறையை விட்டுக் கிளம்பினால் வீட்டுக்கு வர ஒன்பதரை ஆகும். நடுவில் இருப்பது பத்து நிமிட நடை. மிச்ச நேரம் எங்கே போனது என்று யாரும் கேட்கமாட்டோம். வாசலில் செருப்பைக் கழட்டுகிற சத்தத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். சனிக்கிழமை கூலி வாங்கினால் ஞாயிறு மதியம்வரை அவர் எங்களுக்குக் கிடையாது.

மாலை போட்ட அன்றிலிருந்து வேறு ஆள். விடிவதற்கு முன்னால் பச்சைத்தண்ணீரில் குளியல், கறுப்பு வேட்டி, வெறுங்கால், பாயில்லாத தரை. ஏழு மணிக்குப் பட்டறை முடிந்தால் நேராகக் கோயில், பஜனை. ஒன்பது மணிக்குப் பிரசாதப் பொட்டலத்தோடு வீடு. என் கணக்கு நோட்டை வாங்கிப் பார்ப்பார். தங்கச்சிக்குத் தலை பின்னிவிடுவார். 48 நாள் எங்களுக்கு ஒரு அப்பா இருந்தார். மலைக்குப் போய்விட்டு வந்ததும் அப்பத்தா கையால் மாலையைக் கழட்டுவார்கள். பெரும்பாலும் அன்று ராத்திரியே, தவறினால் மறுநாள், பழைய செருப்புச் சத்தம் வந்துவிடும்.

பத்தாவது படிக்கும்போது ஒருமுறை ஆத்திரத்தில் அம்மாவிடம் கேட்டேன். "48 நாள் இருக்க முடியுதுல்ல? அப்ப 365 நாளும் இருக்க முடியும்தான? அவருக்கு முடியாம இல்லம்மா. மனசில்ல." அம்மா பதில் சொல்லவில்லை. நான் அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். கிட்டத்தட்ட பதினைந்து வருஷம் அந்த ஒரே வாதத்தை வைத்து அப்பாவை வெறுத்தேன். தர்க்கத்தில் ஓட்டை இல்லாத வெறுப்பு என்பதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அப்புறம் நான் சிகரெட்டை விடப் பார்த்தேன்.

சென்னைக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம் பிடிக்க ஆரம்பித்தது. பாக்கெட்டாக வாங்கியதே இல்லை. டீக்கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒன்று ஒன்றாக. ஒன்று வாங்குகிறவன் தன்னை சிகரெட் பிடிக்கிறவனாக நினைத்துக்கொள்வதில்லை, அதுதான் அதிலிருக்கிற வசதி. ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து என்று ஆனபோது விடலாம் என்று முடிவெடுத்தேன். மூன்று வருஷத்தில் குறைந்தது இருபது தடவை அந்த முடிவை எடுத்திருப்பேன். அதிகபட்சம் தாங்கியது பதினொரு நாள். அந்தப் பன்னிரண்டாவது நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, கையில் டீ கிளாசோடு நிற்கும்போது அப்பா ஞாபகம் வந்தது. அவர் வருஷா வருஷம் 48 நாள் இருந்தார். என் வாதப்படி பார்த்தால் எனக்கு அவரைவிட நாலில் ஒரு பங்கு மனசுதான் இருக்கிறது.

நல்லது எதுவென்று தெரிந்திருந்தும் ஒருவன் ஏன் அதைச் செய்யாமல் போகிறான் என்பது பழைய கேள்வி. சாக்ரடீஸ் அப்படி ஒன்று நடக்கவே முடியாது என்றார். ஒருவன் தப்பைச் செய்கிறான் என்றால் அவனுக்கு உண்மையில் தெரியவில்லை என்றுதான் அர்த்தம் என்பது அவர் பக்கம். அரிஸ்டாட்டில் தன் நிக்கோமாக்கிய அறவியலின் ஏழாவது நூலில் இதை எடுத்துப் பேசுகிறார். தெரிந்தும் தவறுகிறவன் இருக்கிறான், அவன் கெட்டவன் அல்ல, தன்னை ஆள முடியாதவன் என்று தனியாக ஒரு இடம் தருகிறார். பதினைந்து வயதில் நான் அப்பாவுக்கு அந்த இடத்தைத் தரவில்லை.

என்னை இன்னும் அதிகமாகத் தொந்தரவு செய்தது அரிஸ்டாட்டில் சொல்கிற வேறொரு பிரிவு. ஆசையோடு மல்லுக்கட்டி ஜெயிக்கிறவன் ஒருவன். மல்லுக்கட்ட வேண்டிய ஆசையே இல்லாதவன் இன்னொருவன். இரண்டாமவன்தான் மேலானவன் என்கிறார். நமக்கு இது தலைகீழாகப் படும். கஷ்டப்பட்டு விட்டவனைத்தானே நாம் மெச்சுவோம்? கான்ட் நம் பக்கம் நிற்பார். 1785இல் வந்த அவருடைய அறவியல் நூலில், இயல்பிலேயே இரக்கம் உள்ளவன் செய்யும் உதவியைவிட, மனம் வறண்டுபோன நிலையிலும் கடமை என்று செய்பவனின் உதவிக்கே அறமதிப்பு என்று வாதிடுகிறார்.

இந்தச் சண்டையில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. ஒரு பழக்கத்தை மாற்றுவதை எளிதாக்கிக்கொள்ள வழிகள் உண்டு என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் எளிதாக்கிக்கொண்டால் அது என்னுடைய மாற்றம்தானா? ஊன்றுகோல் வைத்து நடப்பவன் நடந்தான் என்று சொல்லலாமா? அப்பாவின் 48 நாளை நான் மதிக்காததற்கு உள்ளே இருந்த காரணம் இதுதான். "அது மாலை பண்ணுது, இவரா பண்றாரு?"

சரி, மாலை அப்படி என்னதான் செய்தது? உட்கார்ந்து யோசித்தேன். சாமி, பக்தி எல்லாம் அவருக்கும் ஐயப்பனுக்கும் நடுவில் இருக்கிற விஷயம், அதை விட்டுவிடுகிறேன். வெளியிலிருந்து பார்த்தே சில காரியங்கள் தெரிகின்றன.

முதலில், முடிவு ஒரே தடவைதான். மாலை போட்ட பிறகு தினமும் ஏழு மணிக்கு "இன்னிக்குப் போலாமா, வேணாமா" என்ற விவாதமே கிடையாது. நானோ ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விவாதம் நடத்தினேன். பத்தில் ஒன்று தோற்றால் போதும், அன்றைய நாள் போச்சு. காந்தி 1888இல் லண்டனுக்குக் கிளம்பும் முன் அம்மாவிடம் மது, மாது, மாமிசம் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதற்கு முன்னாலேயே ராஜ்கோட்டில் திருட்டுத்தனமாகக் கறி தின்றவர் அவர், கறி தின்பது தப்பில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தார். லண்டனில் நண்பர்கள் வாதம் செய்தபோது அவரிடம் வலுவான எதிர்வாதம் இல்லை, சத்தியம்தான் இருந்தது. வாதத்தில் ஜெயிக்க முடியாத இடத்தில் வாதத்துக்கே போகாமல் இருந்தார்.

இரண்டாவது, காலியான நேரம் நிரம்பியது. ஏழிலிருந்து ஒன்பது மணிக்கு பஜனை. குடியை விடு என்று அப்பாவிடம் சொன்ன அத்தனை பேரும், அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் எங்கே போய் உட்காருவார் என்று சொன்னதில்லை. பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்றவனுக்கு, வீட்டுக்கு வருவதற்கு முன்னால் ஒரு இடம் தேவைப்படுகிறது. அவருக்குத் தெரிந்த ஒரே இடம் டாஸ்மாக் பார்.

மூன்றாவது, பேர் மாறியது. "டேய்" என்று கூப்பிடுகிற மேஸ்திரியே "சாமி" என்பார். கூடக் குடிக்கிறவர்கள்கூட "சாமி போயிட்டு வாங்க" என்று ஒதுங்கி வழி விடுவார்கள், ஒரு வாய் ஊற்றிக்கொடுக்க யாருக்கும் மனசு வராது. குடிகாரன் என்று ஊரே முடிவு செய்துவிட்டவன் குடித்தால் செய்தியே இல்லை. சாமி குடித்தால் ஊரே பேசும்.

நான்காவது, சம்பளம் அம்மா கைக்குப் போனது. விரதச் சமையல் சாமான் வாங்க வேண்டுமே என்று கூலியை அப்படியே கொடுத்துவிடுவார். பாக்கெட்டில் பணமில்லாதவனுக்கு ஆசை வந்தாலும் பத்து நிமிஷம் தள்ளிப்போகும். பல நேரம் அந்தப் பத்து நிமிஷம் போதும்.

வினைத்திட்பம் என்று ஓர் அதிகாரம் எழுதி மன உறுதியைத் தூக்கிப் பிடித்த வள்ளுவர்தான் சிற்றினம் சேராமை என்றும் ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். மனதில் இருப்பதுபோலத் தெரிகிற அறிவு சேர்ந்திருக்கும் இனத்தில்தான் இருக்கிறது என்று அங்கே சொல்கிறார். பள்ளியில் முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்தேன்.

இன்னொரு சான்று இன்னும் கடுமையானது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் நிறையப் பேர் ஹெராயினுக்கு அடிமையானார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் ஊருக்கு வந்த முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கெல்லாம் திடீரென்று மன உறுதி பிறந்துவிடவில்லை. இடம், ஆட்கள், நேரம், கிடைக்கும் வசதி எல்லாம் ஒரே விமானப் பயணத்தில் மாறிப்போயின.

அப்பாவுக்கு அந்தப் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. மாலையைக் கழட்டிய அன்று, ஒரே நாளில், பஜனை இல்லை, சாமி என்கிற பேர் இல்லை, கூலி மறுபடி பாக்கெட்டில். 48 நாள் சுற்றி நின்ற கம்புகளையெல்லாம் ஒரே இழுப்பில் உருவிவிட்டு, கொடி ஏன் சாய்ந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தேன் நான்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 48 நாள் அப்பாவுக்கு எளிதாக இருந்தது என்றால் யாருக்கோ கஷ்டமாக இருந்தது. அம்மா நாலு மணிக்கு எழுந்து, தலைக்குக் குளித்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, பிறகு வேலைக்குப் போனார். நாம் எளிது என்று சொல்கிற பல விஷயங்களின் அடியில் இப்படி ஒரு ஆள் நாலு மணிக்கு எழுந்துகொண்டிருக்கிறார். என் மாற்றத்துக்கு வழி தேடும்போது அந்தப் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று பார்ப்பதும் அறம்தான். அம்மா செய்தார் என்பதால், செய்யாத பெண்களின் கணவர்கள் குடித்தால் அது அந்தப் பெண்களின் தப்பு என்று ஆகிவிடாது.

சிகரெட் விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தொன்றாவது தடவை நான் சபதம் எடுக்கவில்லை. நாலு மணி டீக்கடையை விட்டேன். டீயை விடவில்லை, ஆபீஸ் உள்ளேயே குடித்தேன். கூட வருகிற நண்பனிடம் "மாப்ள, நான் கேட்டாலும் குடுக்காத, திட்டினாலும் குடுக்காத" என்று சொல்லிவைத்தேன். சாப்பிட்டதும் கை பரபரக்கும்போது தங்கச்சிக்குப் போன் செய்வது என்று முன்கூட்டியே முடிவு. 'குறைக்கணும்' என்று பொதுவாக நினைப்பதைவிட 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று இடம், நேரத்தோடு முடிச்சுப் போடுவது நன்றாக வேலை செய்கிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை பேர்போனது. எனக்கும் வேலை செய்தது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் போன் பண்ணுகிறானே என்று தங்கச்சிக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

நடுவில் ஒரு கல்யாணத்தில் இரண்டு பிடித்துவிட்டேன். பழைய நான் என்றால் "எல்லாம் போச்சு" என்று மறுநாள் பாக்கெட்டே வாங்கியிருப்பேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியின் குழு, 96 பேரிடம் செய்த ஆய்வை 2010இல் வெளியிட்டது. தினமும் பழம் சாப்பிடுவது, ஓடுவது போன்ற சின்னப் பழக்கங்கள் தன்னியல்பாக மாற எடுத்துக்கொண்ட நாட்களின் நடுமதிப்பு 66. ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. பழம் சாப்பிடுவதும் குடியை விடுவதும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த எண்ணைப் படித்தபோது 48ஐ நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது நான் விட்டு எட்டு மாதம் ஆகிறது.

இது என்னுடைய மாற்றம்தானா என்ற கேள்விக்கு இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன். டீக்கடைக்குப் போகாமலிருக்க முடிவு செய்தது நான்தான். சிகரெட் முன்னால் நிற்கும்போது என்னால் ஜெயிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டதும் நான்தான். அந்த ஒப்புதலுக்குத்தான் எனக்கு உண்மையிலேயே கஷ்டப்பட வேண்டியிருந்தது. கான்ட் கேட்கிற கஷ்டம் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன், அதற்குப் பிறகு வருவது எளிதாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அப்பாவும் ஒவ்வொரு கார்த்திகையிலும் அதைச் செய்தார். ஊர் பார்க்கத் தன் கழுத்தை நீட்டினார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

போன ஜனவரியில் மாலை கழட்டுகிற நாளுக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். அதற்கு முன்பே டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தோம். ரொம்ப நாளாகத் தினமும் குடிக்கிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து, அடுத்த தடவை மாலை போடும் முன் சொல்லுங்கள் என்றார். இத்தனை வருஷம் அது எங்களுக்குத் தெரியாது. பச்சைத்தண்ணீர்க் குளியலில் அவர் கை நடுங்கியதைக் குளிர் என்றே நினைத்திருந்தோம்.

மறுநாள், நாற்பத்தொன்பதாவது நாள், ஏழு மணிக்குப் பட்டறை வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"என்ன கண்ணு, இங்க?"

"சும்மாதாங்ப்பா. கொஞ்ச தூரம் நடக்கலாம்னு."

காவிரிப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினோம். அதிகம் பேசவில்லை. பதினைந்து வருஷப் பேச்சை ஒரு நடையில் பேசிவிட முடியாது. ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தோம். நான் ஊரில் இருந்த ஐந்து நாளும் அப்படித்தான். அதற்குப் பிறகு தங்கச்சி வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் கூட நடக்கிறார். கூலி அப்பா கேட்டுக்கொண்டபடி அம்மாவின் கணக்கில் விழுகிறது.

பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை குடித்துவிட்டார். அம்மா போனில் அழுதார். ஞாயிறு காலை அப்பாவே கூப்பிட்டார். திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல, ஹலோ என்றுகூடச் சொல்லாமல் காத்திருந்தார். எனக்கும் வாயில் அந்தப் பழைய வாதம் வந்து நின்றது. 48 நாள் முடிந்ததுதானே?

"சாய்ந்தரம் மாப்பிள்ளை வருவாரு, நடக்கப் போறீங்கதானங்ப்பா?" என்று கேட்டேன்.

"போறேன் கண்ணு" என்றார்.

அன்று போனார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை தவறியிருக்கிறார். கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறது.